கண்டெடுத்த பணமும் பள்ளி உண்டியலும்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



  

வழியில் கிடக்கும் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அடுத்தவர் காசு நமக்கு வேண்டாம் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைச் சொல்வதற்காக அஸருக்குப் பிறகு உங்களை உட்கார வைக்கத் தேவையில்லை. எனக்குக் கவலை தருகிறவர்கள் நம்மில் நல்லவர்கள்தாம். கிடைத்த பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடமாட்டார்கள். நேராகக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடுவார்கள். அல்லது வழியில் பார்த்த ஓர் ஏழையிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அந்தப் பணம் யாருடையது? அதை தர்மம் செய்ய இவருக்கு அனுமதி கொடுத்தது யார்? பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்து ஃபக்கீருக்குக் கறி சமைத்துப் போட்டால் அதை ஸதகா என்போமா? கோழி என்றால் உடனே புரிகிறது. பணத்தில் பெயர் எழுதியிருப்பதில்லை என்பதால் புரிவதில்லை.

நம் மார்க்கம் இதற்கு லுகதா என்று பெயர் வைத்து, தனிப் பாடமாகவே வைத்திருக்கிறது. ஜைத் பின் காலித் அல்ஜுஹனி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கண்டெடுத்த பொருளைப் பற்றிக் கேட்கிறார். பெருமானார் அவருக்குச் சொன்ன முதல் வேலை, அது இருந்த பையையும் பையைக் கட்டியிருந்த கயிற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்பது. இரண்டாவது, ஓராண்டு காலம் மக்களிடம் அறிவி என்பது. உரியவர் வந்தால் கொடுத்துவிட வேண்டும். வராவிட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் அவர் என்றைக்கு வந்து நின்றாலும் கொடுத்தாக வேண்டும் என்றும் முஸ்லிமில் வரும் அறிவிப்பில் இருக்கிறது.

அதே மனிதர் வழிதவறிய ஆட்டைப் பற்றிக் கேட்டார். அதை நீ எடுப்பாய், இல்லாவிட்டால் இன்னொருவர் எடுப்பார், இல்லாவிட்டால் ஓநாய் தின்றுவிடும் என்ற கருத்தில் பதில் வந்தது. அடுத்து ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டதும் நபியவர்களின் முகம் கோபத்தால் சிவந்துவிட்டது. அதற்கு நடக்கக் காலும் தாங்கத் தண்ணீரும் இருக்கின்றன, உரியவன் வந்து சேரும்வரை அதை அதன் போக்கில் விடு என்றார்கள். இந்தக் கோபத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. உரியவர் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை நாம் நகர்த்தினாலே அவருக்குத் தொல்லை. ஹவுளில் கழற்றி வைத்த கைக்கடிகாரம், தையற்கடையில் விட்டுப்போன பை இவையெல்லாம் ஒட்டகத்தைப் போலத்தான். மறந்தவர் முதலில் அந்த இடத்துக்குத்தான் ஓடி வருவார். மோதினாரிடமோ கடைக்காரரிடமோ சொல்லி அங்கேயே வைத்துவிட்டு வந்தால் போதும். நடுரோட்டில் கிடக்கும் பணம் ஆட்டைப் போல. நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்த நிமிடம் வேறொருவர் கையில் இருக்கும்.

நான் ஒரு வங்கியில் பல ஆண்டுகள் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். மாலையில் கணக்கு முடிக்கும்போது பணம் கூடுதலாக இருந்தால் அது வங்கிக்குள் தனிக் கணக்கில் போய் உட்கார்ந்து, உரியவர் வருவாரா என்று காத்திருக்கும். குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர், அவசரத்தில் நூறு ரூபாய்க் கட்டு என்று நினைத்து ஐந்நூறு ரூபாய்க் கட்டைக் கொடுத்துவிட்டார். கட்டுக்கு நூறு தாள். ஆக, 40,000 ரூபாய் வெளியே போய்விட்டது. கேமரா இல்லாத காலம். வாங்கிக்கொண்டு போனவர் வரவில்லை. மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்ததிலிருந்து எடுத்து அவர் கட்டினார். "வங்கியின் பணம்தானே" என்று அந்த மனிதர் வீட்டில் சொல்லியிருக்கக்கூடும். அல்லது பாதியைத் தர்மம் செய்திருக்கக்கூடும். இரண்டுக்கும் இந்தக் கேஷியர் கணக்கில் என்ன வித்தியாசம்?

கடையில் கூடுதலாகக் கொடுத்த சில்லறையும் இதே வகைதான். அதை லுகதா என்று சொல்லவே கூடாது. உரியவர் இன்னாரென்று தெரிகிறது. கடை இருக்கும் தெருவும் தெரிகிறது. ஓராண்டு அறிவிப்பு எதற்கு? திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

சென்ற ரமளானில் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு சிறிய நகைக்கடை பர்ஸ் கிடந்திருக்கிறது. உள்ளே பணம். பைத்துல்மாலில் சேர்த்துவிடுங்கள் என்றார். அவர் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவர் அதை எடுத்துக்கொண்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரை உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே பர்ஸைப் பிரித்தோம். நோட்டுகளுக்கு நடுவில் நான்காக மடித்த அடகுச் சீட்டு ஒன்று இருந்தது. அடகுக் கடைக்குப் போன் செய்தோம். அன்று மாலையே ஓர் அம்மா வந்தார். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. தலைச்சுமையாக மீன் விற்பவர். மகளின் சங்கிலியை மீட்கக் கொண்டுபோன பணம். எவ்வளவு என்று கேட்டபோது தொகையில் ஐந்நூறு ரூபாய் தவறாகச் சொன்னார். எதில் கட்டியிருந்தீர்கள் என்று கேட்டதும் யோசிக்காமல் பதில் வந்தது: பச்சை ரப்பர் பேண்டு, மூன்று சுற்று, வெளியே மருந்துக்கடைத் தாள் சுற்றியிருக்கும். அப்படியே இருந்தது.

பையையும் கயிற்றையும் பார்த்து வை என்று பெருமானார் சொன்னதன் நுட்பம் எனக்கு அன்றைக்குத்தான் முழுவதும் விளங்கியது. கஷ்டப்பட்டுச் சேர்த்தவர் எண்ணிக்கையில்கூடத் தடுமாறுவார். தான் போட்ட முடிச்சை மறக்கமாட்டார். அந்தப் பர்ஸ் அப்படியே உண்டியலுக்குள் போயிருந்தால் ரசீதும் பணமும் பிரிந்து, எண்ணுகிறவர்கள் சீட்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

அப்படியானால் கிடைத்த பணத்தை ஒருபோதும் தர்மம் செய்யவே கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம், அறிவிப்புக் கடமை முடிந்த பிறகு. இதில் நம் இரண்டு மத்ஹப்களின் சட்டமும் கொஞ்சம் வேறுபடுகிறது. நம் சபையில் இரு சாராரும் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில், ஓராண்டு அறிவித்தும் உரியவர் வராவிட்டால், எடுத்தவர் பணக்காரராக இருந்தாலும் தனக்கு உரிமையாக்கிக்கொள்ளலாம். உரியவர் பிறகு வந்தால் ஈடு கொடுக்க வேண்டும். ராவுத்தர் ஊர்களிலும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமும் உள்ள ஹனஃபி மத்ஹபில், எடுத்தவர் ஏழையாக இருந்தால் பயன்படுத்தலாம். வசதியானவராக இருந்தால் உரியவரின் பெயரால் ஸதகா செய்ய வேண்டும். ஆனால் அவர் பின்னால் வந்தால் முடிவு அவருடையது. அந்த ஸதகாவை அவர் ஏற்றுக்கொண்டால் நன்மை அவருக்கு. வேண்டாம், என் பணம் வேண்டும் என்றால் நாம் நம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆகவே, எந்த மத்ஹபிலும் உரியவரின் உரிமை உண்டியல் துவாரத்தோடு முடிந்துபோவதில்லை.

கண்டதற்கெல்லாம் ஓராண்டா என்று பயப்பட வேண்டாம். வழியில் கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், இது ஸதகாப் பொருளாக இருக்குமோ என்ற அச்சம் மட்டும் இல்லையென்றால் சாப்பிட்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். யாரும் தேடிவராத அற்பப் பொருளுக்கு அறிவிப்புத் தேவையில்லை என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரம் காட்டுவார்கள். ஹனஃபி நூல்களில் பத்து திர்ஹத்துக்கு, அதாவது சுமார் 30 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறைந்ததற்குச் சில நாட்கள் அறிவித்தால் போதும் என்று இருக்கிறது. தெருவில் இரண்டு ரூபாய் நாணயம் எடுத்த பிள்ளையைத் திருடனைப் போல நிற்கவைத்துக் கேள்வி கேட்காதீர்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொண்டுவந்தால், வாங்கி வைத்து அறிவிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள். மக்காவின் ஹரமில் கிடப்பதை அறிவிப்பதற்காக அன்றி எடுக்கக் கூடாது. அங்குள்ள தொலைந்த பொருள் பிரிவில் ஒப்படைத்துவிடுங்கள்.

அறிவிப்பது எப்படி? வாட்ஸ்அப் குழுவில் பர்ஸின் படத்தைப் போட்டு, "இதில் 7,300 ரூபாய் இருக்கிறது, உரியவர் அணுகவும்" என்று எழுதுகிறார்கள். அடையாளத்தை எல்லாம் நாமே சொல்லிவிட்டால் வருகிறவரிடம் எதைக் கேட்பது? இன்ன பக்கத்தில் பணம் கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் நாள்தோறும், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று அறிவிப்பைத் தளர்த்திக்கொள்ளலாம் என்பது ஃபுகஹாக்கள் காட்டிய வழி. பள்ளிக்குள்ளே தொலைந்த பொருளைத் தேடிக் குரல் கொடுப்பதை நபியவர்கள் வெறுத்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிப்பு முஸ்லிமில் இருக்கிறது. அதனால் பள்ளி வாசலுக்கு வெளியே சொல்வதும், வெளிப் பலகையில் எழுதுவதும் நல்லது. கண்டெடுத்ததற்குச் சாட்சி வைத்துக்கொள், மறைக்காதே என்ற கருத்தில் இயாள் பின் ஹிமார் (ரலி) வழியாக அபூதாவூதில் வருகிறது. எடுத்தவுடன் இருவரிடம் சொல்லிவிடுங்கள். இன்றைக்கு உறுதியாக இருக்கும் மனம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் எப்படி இருக்குமோ! நாளைக்கு நமக்கு ஒன்று நேர்ந்துவிட்டால் வாரிசுகள் அதை நம் சொத்தாகப் பங்கு வைத்துவிடவும் கூடும்.

நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆவது பிரிவில், கண்டெடுத்துத் தன் வசம் வைத்திருப்பவரைப் பிறர் பொருளைப் பாதுகாக்க வாங்கிக்கொண்டவரின் இடத்தில் வைக்கிறது. நம் பேச்சில் சொன்னால், அமானத். உரியவரைத் தெரிந்துகொள்ள வழியிருந்தும், அல்லது நியாயமாகத் தேடிப் பார்க்காமலும் நேர்மையின்றித் தனக்கு எடுத்துக்கொண்டால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பெருந்தொகையாக இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நம் அறக்கட்டளையிலிருந்து ஒருவர் உடன் வருவார்.

இப்போது தெருவைவிடக் கைப்பேசியில்தான் பணம் வழிதவறுகிறது. ஓர் எண்ணை மாற்றி அழுத்தினால் யாருடைய பணமோ உங்கள் கணக்கில் வந்து விழுகிறது. அல்லாஹ் கொடுத்தான் என்று சிரிக்கிறார்கள் நம் தம்பிமார்கள். அது லுகதாகூட இல்லை, கடன். தவறாகச் செலுத்தப்பட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவும் சொல்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. தவறாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று அழுதுகொண்டு போன் வந்தால் உடனே அனுப்பிவிடாதீர்கள். பொய்யான குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டு இப்படிக் கேட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணக்கில் பணம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் உங்கள் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து, வங்கி வழியாகவே திருப்பச் சொல்லுங்கள். அதுவரை அந்தத் தொகையைச் செலவு செய்யாமல் வையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவைப்படுவதே இல்லை. அதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கடைசியாக, நம் அலுவலகத்தில் இதற்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். கண்டெடுத்த இடம், நாள், நேரம், பை, கட்டு, தொகை எல்லாம் எழுதி, கொண்டுவந்தவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பொருள் முத்திரையிட்ட உறையில் இருக்கும். பணத்தைத் தொலைத்தவர்களும் வந்து எழுதிவைக்கலாம். எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் சரி. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் லுஹர் முதல் மஃரிப் வரை ஆள் இருப்பார்கள். பிரிக்காமல், எண்ணாமல், கிடைத்தபடியே கொண்டுவாருங்கள்.

மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம். சட்ட நுணுக்கங்களுக்கு நம் இமாம் அவர்கள் பதில் சொல்வார்கள்.