ஓப்போபோ அரசர் ஜாஜா



விவரம் அறிந்தவன் ஏமாறமாட்டான் என்று வகுப்பறையில் கூறுவது நம் வழக்கம். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு வரலாறு இக்கூற்றோடு முழுதும் ஒத்துவரவில்லை. அதனை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இன்றைய நைஜீரியாவின் தென்கரையில் பானி என்னும் துறைமுகம் உண்டு. ஏறத்தாழ 1821இல் இக்போ மக்களிடையே பிறந்து, சிறு வயதிலேயே அடிமையாக அங்கு விற்கப்பட்டவர் ஜாஜா. வணிகத் திறமை மிக்க அடிமை, வணிகக் குடும்பத்தின் தலைவனாகவே உயரக்கூடிய வழக்கம் அந்நாட்டில் இருந்தது. ஜாஜா அவ்வாறே உயர்ந்தார். 1869இல் பானியில் மூண்ட உட்போரைத் தொடர்ந்து, தம்மைச் சார்ந்தோருடன் வெளியேறி ஓப்போபோவை நிறுவி அரசரானார். (அவர் நாட்டில் அடிமைமுறை ஒழியவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.)

உள்நாட்டுச் சந்தைகளிலிருந்து பாமாயில் வரும் ஆற்றுவழி அவர் கையில் இருந்தது. ஆங்கிலேயரின் சோப்புக்கும் இயந்திரங்களுக்கும் அவ்வெண்ணெய் இன்றியமையாதது. வணிகர்கள் தம்முள் கூடி விலையைக் குறைத்தபோது, ஜாஜா இடைத்தரகரின்றி நேரே இங்கிலாந்துக்கு எண்ணெய் அனுப்பலானார். பகை முற்றியது.

1884இல் பிரிட்டிஷ் தூதர் ஹியூவெட் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றை நீட்டினார். 'பாதுகாப்பு' என்பதன் பொருள் யாதென ஜாஜா வினவினார். அரசியார் அவர் நாட்டையோ சந்தைகளையோ கவர விரும்பவில்லை என எழுத்து மூலம் விடை வந்தது. தடையற்ற வணிகம் பற்றிய பிரிவை நீக்கச் செய்த பின்னரே அவர் ஒப்பமிட்டார். எத்துணை நிதானம் பாருங்கள்!

1887இல் தூதர் பொறுப்பிலிருந்த ஹாரி ஜான்ஸ்டன், வணிகர்களுக்கு உள்நாட்டுச் சந்தைகளைத் திறந்துவிடுமாறு வற்புறுத்தினார். ஜாஜா நீக்கச் செய்த பிரிவு எதுவோ, அதுவே இப்போது கட்டளையாயிற்று. தடையின்றித் திரும்பிச் செல்லலாம் என உறுதியளித்து அவரைக் 'கோஷாக்' போர்க்கப்பலுக்கு அழைத்தார். கப்பலில் ஏறியபின், விசாரணைக்கு இணங்க வேண்டும், மறுத்தால் பீரங்கித் தாக்குதல் என்ற நிலை. அக்ராவில் விசாரணை நடந்தது. மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் வின்சென்டுக்கு நாடு கடத்தப்பட்டார். பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரியே இது வேறிடத்தில் ஆள்கடத்தல் எனப்படும் என்று குறித்தார். ஆயினும் தீர்ப்பு மாறவில்லை.

உடன்படிக்கையில் குறையில்லை, கேட்ட கேள்வியிலும் குறையில்லை. போர்க்கப்பல் ஒரு தரப்பில் மட்டுமே இருந்தது.

1891இல் தாயகம் திரும்ப இசைவு கிடைத்தது. வரும் வழியில் டெனரீஃப் தீவில் ஜாஜா உயிர் நீத்தார். அவருடைய உடலைப் பின்னர் ஓப்போபோவுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தனர்.