பித்தளை வாத்தியமும் பொது வைத்தியமும்

இலக்கியத் தொடரொன்றிலே சொல்லே இல்லாத கலையொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காசில்லை என்பதற்காக ஒரு நோயாளிக்கு வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பது ஓர் அரசியற் கருத்து. அதைக் கட்டுரையாக எழுதலாம், நாவலாக எழுதலாம், மேடையிலே முழங்கலாம். பாடகனும் இல்லாமல், பாடல் வரியும் இல்லாமல், இருபத்தைந்து பித்தளைக் குழல்களைக் கொண்டு அதைச் சொல்ல முடியுமா? இதுவே இன்றைய வினா.

பாண்ட் வாத்தியம் என்றதும் எங்கள் நினைவுக்கு வருவன பாடசாலை விளையாட்டுப் போட்டியின் அணிநடை, தேவாலயத் திருவிழா, இறுதி ஊர்வலம் ஆகியனவே. இங்கிலாந்தின் வடபகுதியிலும் தென் வேல்ஸிலும் கதை வேறு. அங்கே பித்தளைக் குழு என்பது நிலக்கரிச் சுரங்கத்தோடும் ஆலையோடும் கூடப் பிறந்தது. பகலிலே நிலத்தின் கீழ் கரி வெட்டியவர்கள் மாலையிலே கோர்னெற்றும் தெனர் ஹோர்னும் யூபோனியமும் ரியூபாவும் ஏந்திப் பயிற்சிக்கு வந்தார்கள். மான்செஸ்டர் நகரின் பெல் வியூ பூங்காவில் 1853இல் தொடங்கிய போட்டி இன்றும் வேறு மண்டபத்தில் நடந்து வருகிறது. இக்குழுக்களில் ஏறத்தாழ எல்லா வாத்தியங்களுக்கும் ஒரே வகைக் குறியீட்டில்தான் இசை எழுதப்படுகிறது. துரொம்போன் நீங்கலாக விரல் வைக்கும் முறையும் ஒன்றே. ஆகவே கோர்னெற்காரன் ஒருவன் வராத நாளில் ஹோர்ன்காரன் அந்த இடத்தை நிரப்பலாம். வேலைக்குப் போகும் மனிதர்களின் வசதிக்கு ஏற்ற ஏற்பாடு அது.

ஆரம்பத்திலே இவர்கள் வாசித்தவை பெரும்பாலும் இத்தாலிய இசை நாடகங்களிலிருந்து தொகுத்த துண்டுகளே. 1913இல் லண்டன் கிறிஸ்டல் பலஸ் மாளிகையில் நடந்த தேசியப் போட்டிக்காக பேர்சி பிளெற்சர் என்பவர் 'உழைப்பும் அன்பும்' என்ற பொருள்படும் தலைப்பில் புதிதாகவே ஒன்றை இயற்றினார். வெறுப்போடு உழைக்கும் ஒரு தொழிலாளி, தன் உழைப்பு யாருக்காக என்பதை உணர்ந்து மனம் மாறுவதே அதன் கரு. இக்கரு எனக்கு உவப்பானதன்று. உழைப்பவன் மனம் மாறினால் போதும், கூலியும் நிலைமையும் அப்படியே இருக்கலாம் என்று அது சொல்லாமற் சொல்கிறது. ஆயினும் வாசிப்பவனுடைய வாழ்வே வாசிக்கும் இசைக்குப் பொருளாகலாம் என்ற வாசல் அன்று திறந்தது.

அந்த வாசலால் வந்தவற்றுள் என் மனதுக்கு உயர்ந்தது 'கிரெஸ்போர்ட்' என்னும் சிறிய இசை. 1934ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் திகதி வட வேல்ஸின் கிரெஸ்போர்ட் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 266 பேர் மாண்டனர். இந்த அழிவை நினைந்து இசை இயற்றியவர் ரொபேர்ட் செயின்ற். அவரும் ஒரு சுரங்கத் தொழிலாளியே. சில நிமிடங்களில் முடிந்துவிடும் மெதுவான இசை அது. குற்றம் சாட்டவில்லை, கதறவில்லை. டேர்ஹம் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில் அதை வாசிக்கும்போது கூட்டம் அமைதியாகிறது. சொல் இல்லாத குறை அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். தென் வேல்ஸிலே ட்ரெடீகர் என்றொரு சிறு நகரம். சுரங்கத் தொழிலாளரும் இரும்புத் தொழிலாளரும் வாழ்ந்த ஊர். அங்கே தொழிலாளர் வைத்திய உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. உறுப்பினர் சம்பளத்தில் பவுணுக்கு மூன்று பென்ஸ் கழிக்கப்படும். அக்காலத்துப் பவுணுக்கு 240 பென்ஸ். ஆகவே எண்பதில் ஒரு பங்கு. அந்தக் காசைத் திரட்டி வைத்தியர்களையும் தாதியரையும் பல் வைத்தியரையும் சங்கமே வேலைக்கு அமர்த்தியது. தொழிலாளிக்கு மட்டுமன்றி அவன் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைத்தது. 1920களின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய வைத்தியர் ஒருவர் பின்னர் நாவலாசிரியரானார். ஏ. ஜே. குரோனின் என்ற பெயரும் 1937இல் வெளிவந்த 'த சிற்றடல்' என்ற நாவலும் எங்கள் நூலகங்களில் பழகியவர்களுக்குப் புதியன அல்ல. சங்கத்தின் நன்மையை மட்டுமல்ல, அதன் உட்பூசல்களையும் அந்நாவல் காட்டும். அதன் நாயகன் ஆராய்வது சுரங்கத் தூசியால் வரும் சுவாச நோயை.

அந்த ஊரிலேதான் 1897இல் அனைரின் பெவன் பிறந்தார். பதின்மூன்று வயதிலே சுரங்கத்துள் இறங்கினார். தந்தையாரும் சுரங்கத் தொழிலாளி. 1925இல் தூசி அடைத்த சுவாசப்பையோடு மகனுடைய கைகளிலே உயிர் விட்டார். அந்த நோய் தொழிலால் வந்ததெனச் சட்டம் அன்று ஏற்கவில்லை. நட்டஈடு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்த மகன் 1945இல் சுகாதார அமைச்சரானார். 1948 யூலை 5ஆம் திகதி பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. ட்ரெடீகரின் மூன்று பென்ஸ் ஏற்பாடு ஒரு நாட்டுக்கே விரிந்தது எனலாம். எங்கள் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது 1951இல். அதே 1951இல், பொய்ப் பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முடிவு செய்த தம் அரசாங்கத்தோடு முரண்பட்டுப் பெவன் பதவி துறந்தார்.

இவ்வளவையும் இசையாக்கப் புகும் ஒருவர் என்ன செய்வார்? இலகுவான வழி ஒன்று உண்டு. முரசினால் இதயத் துடிப்பு, துரொம்போனை வழுக்கி அம்புலன்ஸ் ஓசை, இறுதியிலே ஒரு தேவாலயப் பண், கைதட்டல். இவை மேடை வித்தைகள். கேட்பவன் "ஓ, வைத்தியசாலை" என்று அடையாளம் கண்டுகொள்வான், அதற்குமேல் ஒன்றும் நிகழாது. போட்டிக்கென எழுதும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. நடுவர் திறமையை அளக்க வேண்டுமே என்று விரைவான சுரக்கோவைகளை அள்ளித் தெளித்துவிடுவார்கள். வாசிப்பவரின் வல்லமை தெரியும். வரிசையில் காத்திருந்த நோயாளி காணாமற் போய்விடுவார்.

என் கருத்து இது. இப்பொருளுக்குரிய இசை வாத்தியத்துக்கு வெளியே தேடப்பட வேண்டியதன்று. பித்தளை வாத்தியம் மூச்சினால் ஒலிப்பது. அதை வாசித்த சுரங்கத் தொழிலாளியிடமிருந்து தூசி பறித்ததும் மூச்சையே. 1996இல் வெளிவந்த 'பிராஸ்ட் ஓவ்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள், சுவாச நோயால் வைத்தியசாலையிலே படுத்திருக்கும் குழுத் தலைவருக்காக அவருடைய குழுவினர் இரவிலே யன்னலுக்கு வெளியே நின்று வாசிக்கும் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ஒரு மனிதனின் மூச்சு நீண்ட ஒரு சுரத்துக்குப் போதாது. ஆயினும் நல்ல குழு ஒன்று ஒரு சுரக்கூட்டை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அறாமல் நிறுத்திக் காட்டும். எப்படி? ஒரே பகுதியை வாசிப்பவர்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் நிறுத்தாமல் ஊதுவார்கள். விட்டவர் திரும்ப வரும்போது ஓசைப்படாமல் உள்ளே நுழைவார். ஒருவன் நின்றதையோ சேர்ந்ததையோ சபை அறியாது. எங்கள் நாதஸ்வரக் கச்சேரியிலே ஒத்துக்காரர் தனியொருவராய்க் கன்னத்தில் காற்றைத் தேக்கிச் செய்யும் அரிய காரியத்தை, இங்கே சாதாரண மனிதர் பலர் முறைவைத்துச் செய்கிறார்கள். இயலாத நேரத்தில் ஒருவன் விலகி நிற்கலாம், அவனுடைய பங்கை மற்றவர்கள் தாங்குவார்கள், அவனும் நாளை தாங்குவான். பவுணுக்கு மூன்று பென்ஸ் கொடுத்தவர்கள் செய்ததும் வேறொன்றன்று.

இதை அறிந்த இசையமைப்பாளர் எப்படி எழுதலாம் என்று நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. குழுவில் ஒரேயொருவர் மட்டும் வாசிக்கும் வாத்தியங்கள் சில உண்டு. புளூகல் ஹோர்ன் அவற்றுள் ஒன்று. அதன் மூச்சை மறைக்கத் துணை எவரும் இல்லை. அந்த வாத்தியத்துக்கு, மூச்சுக்கு மிஞ்சிய நீளத்தில் ஒரு வரியைத் தனியே கொடுக்க வேண்டும். அது நடுவிலே அறும். மீண்டும் தொடங்கும், மீண்டும் அறும். மூன்றாம் முறை அறுகின்ற இடத்திலே அதே சுரத்தில் ஹோர்ன்கள் மெல்லச் சேர வேண்டும். வரி முதன்முறையாக முழுமை பெறும். முரசும் வேண்டாம், அம்புலன்ஸும் வேண்டாம். கேட்பவனுக்குத் தன் மார்பிலேயே விஷயம் விளங்கும்.

இன்றைய படைப்பாளிகளுள் கவின் ஹிக்கின்ஸ் இந்த மரபைச் சேர்ந்தவர். சுரங்கமும் பித்தளை வாத்தியமும் கலந்த குடும்பத்தில் வந்தவர். 1984–85இன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கருவாகக் கொண்டு 2015இல் அவர் இயற்றிய 'இருண்ட நாடிகள்' என்ற பொருளுடைய நடன இசையை வாசித்தது வேறெவருமல்லர், பெவன் பிறந்த ட்ரெடீகரின் குழுவினரே. 2022இல் அதே குழு லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பெரும் வாத்தியக் குழு ஒன்றோடு சரியாசனம் பெற்று அவருடைய மற்றொரு படைப்பை வாசித்தது. பித்தளைக் குழுக்களை உயர்ந்த இசையின் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த காலம் நெடியது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஆசனமே ஒரு நீதியாகத் தோன்றும்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையிலே ஒரு சிறு விடயம் என்னைக் கவர்ந்தது. மேலைத்தேய இசைத் தாளிலே மூச்செடுக்கும் இடத்தைக் காட்டும் குறி, வரிக்கு மேலே இடப்படும் ஒரு காற்புள்ளி. அருகருகே அமர்ந்து ஒரே பகுதியை வாசிக்கும் இருவரின் தாள்களை எடுத்துப் பார்த்தால் சுரங்கள் யாவும் ஒன்றாகவே இருக்கும். பென்சிலால் அவர்களே இட்டுக்கொண்ட காற்புள்ளிகள் மட்டும் வெவ்வேறு இடங்களில் இருக்கும்.