வாடுமுன் கொடுப்போம்
(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



செவ்வரத்தம்பூவின் வாழ்நாள் ஒரு பகல். காலையில் விரிந்தது மாலையில் வாடிவிடும். இதனை அறிந்திருந்தும், எமது கிணற்றடிச் செடிகளிற் பிறர் கைவைக்கச் சிறுவயதில் நாம் விட்டதில்லை.

ஒருநாள் அயல்வீட்டு ஆச்சி படலையில் நின்று, “தம்பி, சாமிக்கு வைக்க நாலு பூத் தாவன்” என்றார். “இல்லை” என்றோம். அன்று மாலை செடிகளிற் சுருண்டு தொங்கிய பூக்களை எண்ணினோம். நாற்பதுக்கு மேல் இருந்தன. வெட்கித் தலைகுனிந்தோம்.

மறுநாள் விடியலில் ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பூக்கொய்து சென்றோம். ஆச்சி பாதியைச் சாமிக்கு எடுத்து, மீதியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கிருந்து நந்தியாவட்டைக் கன்றொன்று எம் கைக்கு வந்தது. பெயரளவில் அறிந்திருந்த ஒழுங்கை எமக்கு உறவாயிற்று.

திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்னும் நால்வகை மலருங் கொய்து, மாலை தொடுத்து இறைவனுக்குச் சாத்தியவர், அறுபத்துமூவருள் ஒருவர். மிசன் பாடசாலையிற் பயின்ற எமக்கு அவர் வரலாற்றைச் சொன்னவரும் அந்த ஆச்சியே. பூவிரந்தவரை ‘இல்லை’ என்று அனுப்பியே இருந்திருப்பின், அச்செல்வத்தை இழந்திருப்போம்.

மல்லிகையைக் கத்தரித்துவிட்டால் புதுத்தளிரிற் பூக்கும். கொடுத்துப் பழகிய மனமும் அவ்வாறே தளிர்க்கக் கண்டோம்.

தோழர்களே, வீட்டுக்கொரு பூச்செடி நடுவோம். பூத்ததை வாடுமுன் கொடுப்போம்.