பச்சைக் குழந்தைக்கு ஊசி குத்தலாமா?



கைக்குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டழும் விஷயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் ஒரு விஷயமா என்று நினைப்பவர்கள், இராத்திரி முழுவதும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் தாயைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அமெரிக்க வைத்தியர் வெஸ்ஸல் என்பவர் 1954-ல் இதற்கு ஓர் அளவு சொன்னார். நன்றாகப் பாலுண்டு வளரும் குழந்தை நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது ‘காலிக்’. இவ்வழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்கு ஏறி, மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கிவிடுகிறது. இந்தத் ‘தானே’ என்ற சொல்தான் இவ்வியாபாரம் அத்தனைக்கும் முதல். அடங்கப் போகிற சமயத்தில் யார் எதைச் செய்தாலும் அவருக்கே பேர். மந்திரித்தவனுக்கும் பேர், தாயத்துக் கட்டியவனுக்கும் பேர், ஊசி குத்தியவனுக்கும் பேர்!

படித்த தேசங்களில் இந்தப் பித்தலாட்டம் இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். முதுகெலும்பைச் சரி செய்கிறோமென்னும் ‘கைரோபிராக்டிக்’ வைத்தியத்தை நார்வே தேசத்தில் 86 குழந்தைகளிடம் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். சில குழந்தைகளுக்கு வைத்தியம் நடந்தது. மற்றக் குழந்தைகளை ஒரு நர்ஸ் 10 நிமிஷம் சும்மா தூக்கி வைத்திருந்தாள். எந்தக் குழந்தைக்கு எது நடந்ததென்று பெற்றோருக்குத் தெரியாது. வைத்தியம் பெற்றவற்றில் நூற்றுக்கு 70-ம், சும்மா தூக்கி வைத்திருந்தவற்றில் நூற்றுக்கு 60-ம் குணமடைந்தன. இச்சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதே.

அதே நார்வேயில் ‘அக்குபங்சர்’ என்னும் ஊசி வைத்தியத்தை 90 குழந்தைகளிடம் சோதித்து, சொல்லத்தக்க பலன் இல்லையென்று 2013-ல் கண்டார்கள். 2017-ல் சுவீடனில் 147 குழந்தைகளைச் சோதித்தவர்கள் பலன் உண்டு என்றார்கள். ஆனால், ஊசியே படாத குழந்தைகளின் அழுகையும் குறைந்திருந்தது! அவர்கள் கணக்குப் போட்ட விதம் தப்பென்று லண்டன் பேராசிரியர் கொல்குன் எடுத்துக் காட்டினார். வாயில்லாக் குழந்தையைக் குத்த இந்த ருசு போதுமா?

நம் வீட்டுக்கு வருவோம். 1851-ல் இங்கிலாந்தில் உட்வர்டு என்பவர் செய்த கிரைப் வாட்டரில் ஆதியில் சாராயம் இருந்தது. குழந்தை தூங்கியது மருந்தினாலா, சாராயத்தினாலா? சாராயம் பிற்காலத்தில் நீங்கியும், குணம் செய்யுமென்பதற்குத் தக்க ருசு வரவில்லை. வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறோம். வசம்பெண்ணெய் எலிகளுக்குப் புற்று உண்டாக்கியதைக் கண்டு, உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-ல் தடுத்தது. பாட்டி செய்தாள் என்பது ருசுவாகுமா?

பின் என்னதான் செய்வது? காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடியாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் மந்திரம், ஊசி என்று நேரம் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இவை இல்லையானால் வேண்டியது பொறுமையும் இன்னொரு ஜோடிக் கையுமே. ஆத்திரத்தில் குழந்தையை உலுக்கினால் மூளை கெடும், உயிரும் போகும். பொறுக்க முடியாவிட்டால் பத்திரமாய்ப் படுக்கவைத்துச் சற்று விலகி நில்லுங்கள்.

கடைசியாகத் தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. நார்வேயில் அந்த நர்ஸ் செய்ததைச் செய்ய வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. இன்றிரவு குழந்தை அழுதால், தாயைத் தூங்கச் சொல்லிவிட்டு நீங்கள் தூக்குங்கள். ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது.