சிறுதொழிற்கூடமும் செய்யறிவுப் பயிற்சியும்



ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்தடுக்கிய அச்சுக்கோப்பாளரை எண்ணிப் பாருங்கள். அறையறையாய்ப் பிரித்த பெட்டியில் எவ்வெழுத்து எங்குள்ளது என்பதை அவர்தம் கையே அறியும். கணினி வந்தபோது எல்லா அச்சகங்களும் அவரை அழைத்துப் பயிற்சி தந்துவிடவில்லை. நிறுவனத்திற்கொரு விசைப்பலகை, எழுத்துருவிற்கொரு குறியீடு; ஓரிடத்தில் அடித்த பாடம் மற்றோரிடத்தில் உருத்தெரியாமற் போயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பின்னரே ‘தமிழ் 99’ விசைப்பலகை அரசின் தரமாயிற்று. ஒருங்குறியை அரசு ஏற்றது 2010இல். அதற்குள் எழுத்தடுக்கிய கைகள் பல வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டன.

இன்று அதே வாயிலில் செயற்கை நுண்ணறிவு, அஃதாவது செய்யறிவு, வந்து நிற்கின்றது. பெருநிறுவனங்களுக்குப் பயிற்சித் துறை உண்டு. நால்வர் பணிபுரியும் சிற்றச்சகத்திற்கு யார் உளர்? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செய்யறிவுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 2025 பிப்ரவரி 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, இதனைத் தொழிலிற் பயன்படுத்துவோர் தம் பணியாளர்க்குப் போதிய அறிவு வாய்க்கச் செய்தல் வேண்டும் என்றது. சிறுநிறுவனம் என்று அப்பிரிவு எவரையும் விலக்கவில்லை.

எதைக் கற்பிப்பது? இப்பொறி, அடுத்து வரத்தக்க சொற்கூற்றைக் கணித்துக் கணித்து அடுக்குவது. ஆதலின் உண்மை விலையையும் இல்லாத விலையையும் ஒரே மிடுக்கோடு எழுதித் தரும். இதுவே முதற்பாடம். வாடிக்கையாளரின் பேரேட்டையும் தொலைபேசி எண்களையும் அதனிடம் கொட்டலாகாது என்பது அடுத்தது.

தமிழ்ப்பாடம் தனியே வேண்டும். ‘வேலை கொடுக்கும் நிறுவனம்’ என வரவேண்டிய விளம்பரத்தில் ஒரு ககர ஒற்று மிகுந்து ‘வேலைக் கொடுக்கும்’ என்றாகிவிட்டால், அந்நிறுவனம் இளைஞர் கையில் கூர்வேலையன்றோ கொடுக்கின்றது! (கொடுத்தால் போர்க்களம் எங்கே என்றும் சொல்லவேண்டும்.) இதனைக் கண்டு பிடிக்க இலக்கணம் கற்ற மெய்ப்புத் திருத்துநர் வேண்டும். பொறி வந்ததென்று அவரையே முதலில் நீக்கும் முதலாளி, பிழைபட்ட பத்தாயிரம் தாளையும் தாமே சுமப்பார்.

பயிற்சிக்குப் பெரிய கூடம் வேண்டா. அன்றைய வேலையையே பாடமாக வைத்து, தமிழில், வேலைநேரத்திற்குள், கூலி குறைக்காமல் நாளும் அரைமணி நேரம் நடத்தலாம். பொறி எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழையைக் குறித்துப் பழகட்டும். பழகியவர்க்கு நிறுத்தும் உரிமையும் தரப்பட வேண்டும். அவர் ஒப்பமிடாத தாள் எதுவும் அச்சுக்கு ஏறலாகாது.