சுவரில் தொங்கும் சான்றிதழ்கள்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கிக்கு முன் நின்றது உயர்தர வகுப்பில், ஒரு விவாதப் போட்டியில். அன்று தோற்றுப்போனோம். இன்று எதிரணி இல்லாததால் கொஞ்சம் துணிவோடு பேசுகிறேன்.

நான் இங்கிலாந்தில் மனநல வைத்தியராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் உண்ணற் கோளாறு உள்ள இளம் பெண்கள். விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். ஆனால் இவ்வுரை மலரிலும் வரும், அது கொழும்பு, ரொறன்ரோ, சிட்னி, லண்டன் எங்கும் போகும் என்று செயலாளர் சொன்னார். அந்த வீடுகளிலெல்லாம் பெண்பிள்ளைகள் வளர்கிறார்கள். அதனால்தான் பேசுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நமது பாடசாலையில் என்னிலும் இளைய வகுப்பில் படித்த ஒருவர் இங்கிலாந்திலிருந்தே தொலைபேசியில் அழைத்தார். பதினேழு வயது மகள் சாப்பிட மறுக்கிறாள், மெலிந்துகொண்டே போகிறாள். ஒரு தனியார் நிலையத்தைக் கண்டுபிடித்திருந்தார். "அக்கா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" என்றார். நான் அப்போது வேறு துறையில் பயிற்சியில் இருந்தேன். கடமைக்கு ஓடிக்கொண்டே அவர்களுடைய விபரங்களை இரண்டு நிமிடம் பார்த்தேன். அடியிலே வரிசையாகச் சங்கங்களின் இலச்சினைகள். "இவ்வளவு சங்கங்களிலே அங்கத்துவம் இருக்குது, நல்ல இடமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து மாதங்களின் பின் அந்தப் பிள்ளை பஸ் தரிப்பிடத்தில் மயங்கி விழுந்தாள். இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பதுக்கும் கீழே. அந்த ஐந்து மாதத்தில் நிலையத்தில் ஒருவரும் அவளுடைய நாடியைப் பார்க்கவில்லை. ஒரு இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. தாய் வைத்தியசாலையில் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "சுவர் முழுக்கச் சான்றிதழ்தானே அக்கா, நான் நம்பிப்போட்டன்." நானும்தான் நம்பினேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நியாயம்.

பிறகு அந்தச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒன்று இரண்டு நாள் பயிற்சிக்குச் சமுகமளித்ததற்கானது. இன்னொன்று வருடச் சந்தா கட்டினால் எவரும் சேரக்கூடிய சங்கத்தினது. எதுவும் பொய்யில்லை. ஆனால் மெலிந்த பிள்ளையின் இதயத்தைக் கவனிக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறார் என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

நம்மில் பலர் இங்கே சாரணியராக இருந்தோம். சந்தா கட்டிச் சீருடை போட்டால் நாம் அங்கத்தவர். முதலுதவிச் சின்னம் வேண்டுமென்றால் சோதனைக்குத் தோற்றவேண்டும். அங்கத்துவம் வேறு, தகுதி வேறு. சீருடையைப் பார்த்து யாரும் நம்மிடம் காயத்தைக் காட்டவில்லை. பன்னிரண்டு வயதில் தெரிந்த அந்த வித்தியாசத்தை நான் வைத்தியரான பிறகு மறந்துவிட்டேன்.

ஒரு நிலையத்துக்குப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது, இங்கே வேலை செய்பவர்கள் யார், எந்தச் சட்டப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? பிரித்தானியாவில் வைத்தியர் என்றால் பொது மருத்துவச் சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். விசேட நிபுணரா என்பதும் அதில் தெரியும். 'டயற்றீஷியன்' என்ற பெயர் அங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது; 'நியூற்றிஷனிஸ்ற்' என்ற பெயரை எவரும் வைத்துக்கொள்ளலாம். 'கவுன்சிலர்', 'சைக்கோதெரப்பிஸ்ற்' என்பவையும் அங்கே அப்படித்தான். கனடாவின் ஒன்ராறியோவிலோ சைக்கோதெரப்பிஸ்ற் என்பது பதிவு வேண்டிய பெயர். நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை விசாரியுங்கள்.

இரண்டாவது, நிலையத்தை யார் வந்து பார்க்கிறார்கள்? இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு சிகிச்சை நிலையங்களைப் பரிசோதித்து, அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. உளமருத்துவர்களின் ரோயல் கல்லூரி உண்ணற் கோளாறுச் சேவைகளுக்கென்று ஒரு தர வலையமைப்பை நடத்துகிறது. அதிலும் அங்கத்துவம் ஒன்று, ஆய்வுக்குப் பின் கிடைக்கும் அங்கீகாரம் வேறொன்று. எது என்று கேளுங்கள். இலங்கையில் வைத்தியருக்கு இலங்கை மருத்துவச் சபையின் பதிவு. தனியார் நிலையத்துக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பதிவு.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பிள்ளையின் உடலை யார் கவனிக்கிறார்கள்? நாடி, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. இவற்றை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள்? மோசமானால் எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்? ரோயல் கல்லூரி இந்த நோயின் அவசர நிலைகளைப் பற்றி 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த உடற் பரிசோதனைகளைத்தான் வலியுறுத்துகிறது. நல்ல நிலையம் இக்கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லும். கோபிக்கும் இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாமாருக்கு இன்னொன்று. நாங்கள் பொருளாதாரத் தடைக் காலத்துப் பிள்ளைகள். எங்களுக்குப் பசி என்றால் சாப்பாடு இல்லாதது. நிறைந்த கோப்பைக்கு முன்னிருந்து பிள்ளை அழுதால், "கொழுப்பு" என்றுதான் வாயில் வருகிறது. இது பிடிவாதம் அல்ல. மனநோய்களுள் உயிரிழப்பு அதிகமானவற்றில் ஒன்று. அதேபோல, நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குப் பாசத்தோடு ஒரேயடியாக ஊட்டுவதும் ஆபத்து. இரத்தத்தில் பொஸ்பேற்று சடுதியாகக் குறைந்து இதயம் பாதிக்கப்படலாம். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த கைதிகளுக்கு உணவு கொடுத்தபோது வைத்தியர்கள் கண்ட உண்மை இது. ஆகவே வைத்தியரின் சொற்படி, படிப்படியாக.

அந்தப் பிள்ளை பிழைத்தாள். வருடக் கணக்காயிற்று. இப்போது வேலைக்குப் போகிறாள். தாயோடு இருந்து சாப்பிடுகிறாள். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அவளே காரணம்.

பழைய மாணவிகள் என்ற அங்கத்துவம் நமக்கெல்லாம் சந்தா கட்டிக் கிடைத்ததுதான். அதைப் பயனுள்ளதாக்குவது நம் கையில். உங்களில் யாராவது என்னை அழைத்து "ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" என்றால், இனி இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லமாட்டேன். விசாரித்தே சொல்வேன்.

நூறு ஆண்டு கண்ட நம் கல்வித்தாய் இன்னும் பல நூறாண்டு சிறக்க வாழ்த்தி விடைபெறுகிறேன்.