சாயத் தண்ணீருக்காக ஒரு பயணம்



மடத்துக்குளத்தில் அமராவதிக் கரையோரம் நெல்லும் கரும்பும் தென்னையுமாகப் பச்சை விரிகிறது. இதே ஆறு கரூரைத் தாண்டும்போது சாயக் கழிவைச் சுமந்த காலத்தை அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. நம் மாவட்டத் தலைநகர் திருப்பூர் வழியே ஓடும் நொய்யலின் கதை அதைவிடக் கொடுமை. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாகவே ஆகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்றாகிவிட்டது.

அந்தச் சுத்திகரிப்பின் உயிர்நாடி ஆர்.ஓ. சவ்வு. 1959-60 வாக்கில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து அதற்கு வழிகண்டவர், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். இன்று நம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இருப்பவை பாலிமர் சவ்வுகள். நன்றாகத்தான் உழைக்கின்றன. ஆனால் சாயத்தொட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீரை அவற்றில் அப்படியே விட முடியாது, ஆறவைக்க வேண்டும். குளோரின் பட்டால் கெட்டுவிடும். அழுக்கு அடைத்துக்கொண்டால் கடுமையான மருந்து போட்டுக் கழுவவும் முடியாது.

இந்த இடங்களில் கைகொடுப்பவைதான் கனிமச் சவ்வுகள், அதாவது பீங்கான் சவ்வுகள். அலுமினா, டைட்டானியா, சிர்கோனியா போன்ற பொடிகளைப் பிசைந்து, குழாயாக வார்த்து, 1,000 டிகிரிக்கும் மேலான சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். கையில் எடுத்தால் வெள்ளைச் சாக்பீஸை நீளமாக்கியது போல இருக்கும். அதன் நெடுகிலும் வரிசையாகத் துளைகள். கழிவுநீர் அந்தத் துளைகளுக்குள் அழுத்தத்தோடு ஓடும்போது, தெளிந்த நீர் சுவர் வழியே வெளியே கசியும். சூடு, அமிலம், காரம் எல்லாவற்றையும் பெரும்பாலும் தாங்கும்.

நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. பருத்தித் துணிக்கு அடர்ந்த நிறம் ஏற்ற, லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறோம். சாயத்தைத் தடுத்து உப்புநீரை மட்டும் விடுகிற நுண்சவ்வு கிடைத்தால், அந்த உப்புநீரையே மறுபடி சாயத்தொட்டிக்குத் திருப்பலாம். கழிவு உப்புநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டருக்கு எரிக்கும் எரிபொருள் மிச்சமாகும். மலைபோல் குவியும் கலப்பு உப்பும் குறையும். தடையாக நிற்பது விலை. குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் மலிவான களிமண்ணைக் கொண்டு இத்தகைய சவ்வு செய்து பார்த்திருக்கிறார்கள். கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனம், குடிநீரில் உள்ள ஆர்சனிக்கை நீக்கப் பீங்கான் சவ்வைப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறது.

கனிமச் சவ்வு ஆராய்ச்சியாளர்கள் உலக அளவில் கூடும் மாநாடு 1989-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரையில் அச்சாவது பெரும்பாலும் வெற்றி பெற்ற சோதனைதான். எந்தச் சூட்டில் குழாய் வெடித்தது, எந்தப் பசை முனையில் விட்டுப்போனது என்பதெல்லாம் நேரில் பேசும்போதுதான் தெரியவரும். நம் முதலாளிகள் புது எந்திரம் பார்க்க ஐ.டி.எம்.ஏ. ஜவுளி எந்திரக் கண்காட்சிக்கு ஐரோப்பா போகிறார்கள். போனால்தான் தொழில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆராய்ச்சியாளருக்கும் அதே நியாயம்தானே?

ஆனால் 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக விமானம், பதிவுக் கட்டணம், விசா, தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் பல மாதப் பணம் அதிலேயே போய்விடும். அந்த உதவித்தொகையும் இல்லாமல் ஆய்வு செய்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். மத்திய அரசின் அறிவியல் அமைப்புகள் பயண உதவி தருகின்றன. கேட்கிற எல்லோருக்கும் அது கிடைத்துவிடுவதில்லை.

ஆகவே, சாயப்பட்டறைச் சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் ஒரு சிறு பயண நிதி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நிபந்தனை இரண்டே போதும். போகிறவர் நம் கழிவுநீரின் உண்மையான அளவீடுகளை எடுத்துச் சென்று அந்த அரங்கில் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் கற்றதை ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில், அங்கே வேலை செய்பவர்களுக்கு, தமிழில் விளக்க வேண்டும். இந்த மண்ணின் தண்ணீரைக் கெடுத்தது நம் தொழில். அதைச் சரிசெய்யும் படிப்புக்கும் அந்தத் தொழில்தான் கைகொடுக்க வேண்டும்.